புத்தாண்டு உணவுத் தீர்மானம்: களிப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிடாதீர்கள்

ஜனவரி பிறந்ததும் உணவை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று நினைப்பது நல்ல எண்ணம். ஆனால் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பல வீடுகளில் அந்த எண்ணத்தின் முதல் செயல் ஓட்ஸ் பாக்கெட், சியா விதை, கிரீன் டீ வாங்குவதாக இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் தனிக் கஞ்சி, மற்றவர்களுக்கு வழக்கமான ராகிக் களியும் சோறும் என்று அடுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டால், தை முடிவதற்குள் பாக்கெட் அலமாரியின் கடைசி வரிசைக்குப் போய்விடும். வீடு முழுவதும் சாப்பிடும் சாப்பாட்டைச் சற்றே திருத்துவதுதான் நிலைக்கும். இங்கே நான் சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

நம் மானாவாரி நிலத்தில் ராகி விளைகிறது, சாமை விளைகிறது, கொள்ளு விளைகிறது. பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கியே ராகியிலும் சாமையிலும் கொள்ளிலும் ரகங்கள் வந்திருக்கின்றன. ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் 2023 மே மாதம் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில்தான் தொடங்கியது. கைக்கெட்டும் தூரத்தில் இவ்வளவு இருக்கும்போது தூர தேசத்துத் தானியத்தைத் தேடி மாதச் செலவை ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "ராகிதானே, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்பது அது. சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் இரவில் இரண்டு பெரிய களி உருண்டைகளை விழுங்கிவிட்டு, காலையில் சர்க்கரை அளவு ஏறியிருப்பதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். ராகியில் கால்சியம் மிக அதிகம். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. நார்ச்சத்தும் அரிசியைவிடப் பல மடங்கு. ஆனால் 100 கிராம் ராகி மாவில் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அரிசியில் 80 கிராமுக்குச் சற்றுக் குறைவு. வேறுபாடு அவ்வளவுதான். அதையும் நைசாக அரைத்து, கூழாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் வேகமாகச் செரித்து இரத்தத்தில் சேரும். கடையில் விற்கும் ராகி பிஸ்கட்டும் சர்க்கரை கலந்த ராகி மால்ட்டும் இந்தக் கணக்கில் இனிப்புப் பண்டங்கள்தான்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாளின் மொத்த ஆற்றலில் தானியமும் சிறுதானியமும் சேர்ந்து 45 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அரிசியை நீக்கிவிட்டு அதே அளவுக்குக் களியை வைப்பதால் இந்தக் கணக்கு மாறாது. உருண்டை சிறிதாக வேண்டும், பக்கத்தில் இருப்பது பெரிதாக வேண்டும். நம் ஊர்ச் சமையலின் உண்மையான செல்வம் அந்தப் பக்கத்துக் கிண்ணத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

புத்தாண்டு பிறக்கும் மார்கழி, தை மாதங்கள் அவரைக்குப் பருவம். ஊறவைத்த அவரைக் கொட்டையைத் தோல் பிதுக்கி எடுத்துச் செய்யும் பிதுக்கம்பருப்புக் குழம்பு இந்த வாரங்களில் கிடைக்கும் மிகச் சிறந்த புரத உணவுகளில் ஒன்று. அதை ஞாயிற்றுக்கிழமை விருந்தாக மட்டும் வைத்திருக்காமல் வாரத்தில் இன்னும் இரண்டு நாள் கூட்டலாம். மற்ற நாள்களில் கொள்ளுக் கடைசல். கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. ஆனால் பலர் "கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற சொல்லை நம்பி, வேகவைத்த தண்ணீரை மட்டும் ரசமாகக் குடித்துவிட்டு, கொள்ளை மாட்டுக்கு வைத்துவிடுகிறார்கள். புரதமும் நார்ச்சத்தும் பெரும்பாலும் அந்தப் பருப்பிலேயே தங்கிவிடும். கடைந்து சாப்பிடுங்கள். முருங்கைக் கீரையோ தண்டுக் கீரையோ கடைந்து ஒரு கிண்ணம் நிறைய வையுங்கள். தொட்டுக்கொள்ளும் அளவுக்கு வைத்தால் போதாது. எலுமிச்சை பிழிந்துகொண்டால் கீரையிலும் ராகியிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவே தடைபடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது. ராகியை முளைகட்டி அரைப்பதும், கூழைப் புளிக்கவைப்பதும் ருசிக்காக மட்டும் ஏற்பட்ட பழக்கங்கள் அல்ல. தானியத்தில் சத்துகளைக் கட்டிவைத்திருக்கும் பைட்டிக் அமிலத்தை அவை குறைக்கின்றன.

தீர்மானம் எடுக்கிறவர் ஒருவர், அதற்காக அடுப்படியில் நிற்பவர் வேறொருவர் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. கணவர் எண்ணெய் இல்லாத குழம்பு கேட்பார், மகன் முட்டை வெள்ளைக் கரு கேட்பான். சமைக்கும் அம்மாவோ எல்லாரும் சாப்பிட்டபின் மிஞ்சிய சோற்றையும் அடிக்குழம்பையும் போட்டுக்கொள்வார். இரத்தசோகை அதிகம் தாக்குவது பெண்களைத்தான். வீட்டின் உணவை மாற்ற விரும்புகிறவர் முதலில் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். அவரும் அதே நேரத்தில், அதே கடைசலோடு சாப்பிட வேண்டும். கீரை ஆய்வதையும் அவரை பிதுக்குவதையும் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம். இது நடக்காத வீட்டில் எந்த உணவுத் திட்டமும் நியாயமானது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சர்க்கரைக்குப் பதில் வெல்லம் என்பது இன்னொரு பொய்யான ஆறுதல். கடத்தூர் சந்தையில் வாங்கிய நல்ல வெல்லமாகவே இருக்கட்டும், நாட்டுச் சர்க்கரையாகவே இருக்கட்டும், இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் பெரிய மாற்றம் இல்லை. ஒரு டீயில் இரண்டு தேக்கரண்டி என்றால் 8 முதல் 10 கிராம். ஒரு நாளில் ஐந்து டீ குடிப்பவருக்கு டீயிலேயே 40 முதல் 50 கிராம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது சிறந்தது என்கிறது. டீயை அடியோடு விட வேண்டியதில்லை. இரண்டாக்கி, கடைக்காரரிடம் சர்க்கரை பாதி போதும் என்று சொன்னாலே பெரிய வெற்றிதான். கூடவே வாங்கும் பன்னும் பப்ஸும் தனிக் கணக்கு. அந்த நேரத்துக்கு வேகவைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி போதும்.

நம் மாவட்டங்களில் மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்று தண்ணீர். காலையில் எழுந்ததும் வெந்நீர், நாளுக்கு நான்கு லிட்டர் என்று பரவும் அறிவுரைகள் நம் நிலத்தை அறியாதவை. தருமபுரி, கிருஷ்ணகிரியின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் காரணம். நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். சாதாரண பீங்கான் வடிகட்டியும் (கேண்டில் ஃபில்டர்) அதை நீக்காது. ஆகவே குடிப்பதற்கும் களி, குழம்பு வைப்பதற்கும் ஒகேனக்கல் நீரைத் தனியாகப் பிடித்து வையுங்கள். போர்த் தண்ணீரைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாற்றில் கறுப்பு உப்பு போட்டுக் குடிக்கும் பழக்கத்தையும் இங்கே தொடங்காதீர்கள். அந்த உப்பிலேயே ஃபுளோரைடு இருக்கிறது. குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை தெரிந்தால் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். பால், மோர், ராகி, நெல்லிக்காய், கொய்யா போன்ற கால்சியமும் வைட்டமின் சியும் உள்ள உணவுகள் ஃபுளோரைடின் பாதிப்பைத் தாங்க உதவுகின்றன.

இரவு உணவைத் தவிர்ப்பது இப்போது பெருகியிருக்கும் பழக்கம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது. நடு இரவில் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழ்ந்துவிடும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் பட்டினித் தீர்மானம் வேண்டாம்.

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் மாறி மாறி வேலை செய்கிறவர்கள் "ஏழு மணிக்குள் இரவுச் சாப்பாடு" என்ற விதியைப் பிடித்துக்கொண்டு தங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். இரண்டாம் ஷிப்டில் இருப்பவருக்கு அது நடக்காது. வேலைக்குக் கிளம்பும் முன் முழுச் சாப்பாடு, இடைவேளையில் அளவான உணவு, வீடு திரும்பியதும் மோரோ ஒரு பழமோ என்று வைத்துக்கொண்டால் நள்ளிரவில் பரோட்டாக் கடையில் நிற்க வேண்டியிருக்காது.

இருபத்தொரு நாளில் பழக்கம் படிந்துவிடும் என்ற நம்பிக்கையும் பலரை ஏமாற்றுகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை கணக்கிடப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய கெடுதல் நேரவில்லை என்பதும் அதில் தெரிந்தது. நமக்கோ இரண்டே வாரத்தில் பொங்கல் வந்துவிடுகிறது. சர்க்கரைப் பொங்கலை ஒரு கரண்டி மனநிறைவோடு சாப்பிட்டுவிட்டு, மாட்டுப் பொங்கல் அன்றோ அதற்கு மறுநாளோ வழக்கத்துக்குத் திரும்பிவிடுங்கள். பொங்கலோடு எல்லாம் போயிற்று என்று கைவிடுகிறவர்கள்தான் அதிகம். அடுத்த சோதனை கோடையில், கிருஷ்ணகிரி மாம்பழத்தோடு வரும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இப்போதே ஒரு வழக்கத்தை முடிவு செய்துகொள்ளலாம்: சாறாக வேண்டாம், துண்டாக, சாப்பாட்டுக்கு மேல் வேண்டாம், களியின் அளவைக் குறைத்துக்கொண்டு அதற்குப் பதிலாக.