புதிதாகக் கணினி பழகுபவர்கள் விடும் தவறுகள்

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு திருகோணமலை நகரத்துக் கணினி வகுப்புகளுக்குக் கூட்டம் வரத் தொடங்கிவிடும். மூதூர், கிண்ணியா, நிலாவெளிப் பக்கமிருந்தும் பிள்ளைகள் பஸ் ஏறி வருவார்கள். வேலைக்கு விண்ணப்பிக்க இருக்கும் பெரியவர்களும் வருவார்கள். எல்லோருக்கும் சீக்கிரம் பழக வேண்டும். அது நடக்கக்கூடியதுதான், சில பழக்கங்களை ஆரம்பத்திலேயே விட்டுவிட்டால்.

பெரிய தவறு, கணினியைக் கொப்பியில் படிப்பது. ரம், ஹார்ட் டிஸ்க் என்று வரைவிலக்கணம் பாடமாக்கிய பிள்ளைக்கு, தான் அடித்த கடிதம் எங்கே போனது என்று சொல்லத் தெரிவதில்லை. முதன்முறை சேமிக்கும்போது பெயரும் இடமும் திரையில் வரும். இரண்டையும் பார்க்காமல் என்டர் தட்டினால் அடுத்த நாள் தேடித் திரிய வேண்டியதுதான். முதல் நாளே உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து எல்லாவற்றையும் அதற்குள் போடுங்கள். பென்ட்ரைவை எஜெக்ட் கொடுக்காமல் இழுக்காதீர்கள். உள்ளே இருக்கும் கோப்பு பழுதாகலாம். எழுதிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தக் கை பழக வேண்டும். மாரி காலத்தில் இடி மின்னலோடு கரண்ட் போனால், யூபிஎஸ் (கரண்ட் போனாலும் சற்று நேரம் மின்சாரம் தரும் பெட்டி) இல்லாத மேசைக் கணினி அந்த நொடியே நின்றுவிடும். சேமிக்காததற்கு உத்தரவாதம் இல்லை.

தட்டினால் உடைந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். எழுதியது பிழைத்தால் கன்ட்ரோலும் இசட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

அடுத்தது, வேர்டில் கடிதம் அடிக்கும்போது ஸ்பேஸ் பார். தலைப்பை நடுவில் வைக்க அதைத் தட்டிக்கொண்டே போவதும், புதுப் பக்கம் போக என்டரை அடுக்குவதும் நம்மவர்களிடம் சாதாரணம். உங்கள் திரையில் அழகாகத் தெரியும். போட்டோக்கொப்பிக் கடையில் பிரிண்ட் எடுக்கும்போது எழுத்துரு மாறினால் சுயவிபரக்கோவை முழுக்கக் குலையும். நடுவில் வைக்க சென்டர் பொத்தான் இருக்கிறது. புதுப் பக்கத்துக்குக் கன்ட்ரோலும் என்டரும் போதும்.

தமிழில் அடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கே பலர் பாமினியில் பழகுகிறார்கள். அச்சு வேலைக்கு அது இன்னும் உதவும். ஆனால் பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் எழுத்துரு. அது இல்லாத கணினியில் உங்கள் 'அம்மா' ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். மின்னஞ்சலிலும் கூகுள் தேடலிலும் உதவாது. எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழுக்கென்றே தனிக் குறியெண்கள் இருப்பதால் எந்தப் போனிலும் படிக்கலாம். என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குபவர் யூனிகோடிலேயே தொடங்குவதுதான் சரி. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தாலே விசைப்பலகை கிடைக்கும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

எக்செல் பழகுபவர்கள் கடைக் கணக்கை வரிசையாக அடித்துவிட்டு, போன் கல்குலேட்டரில் கூட்டி விடையைக் கையால் எழுதுகிறார்கள். அப்புறம் ஒரு விலை மாறினால் கூட்டுத்தொகை பிழையாகவே இருக்கும். ஓட்டோசம் பொத்தானை அழுத்திப் பாருங்கள், எண் மாறும்போதெல்லாம் விடையும் தானே மாறும்.

கடைசியாக மின்னஞ்சல். அவசரத்துக்குக் கடைக்காரரிடம் சொல்லி ஒரு கணக்குத் திறந்துவிடுவோம். கடவுச்சொல் அவர் வைத்தது, மீட்புக்கான தொலைபேசி இலக்கமும் சிலவேளை அவருடையதே. பிறகு நேர்முகத் தேர்வுக் கடிதம் வரும் நாளில் கணக்கைத் திறக்க வழியிராது. ஏற்கெனவே அப்படித் திறந்திருந்தால், உள்ளே போக முடிகிற இப்போதே இலக்கத்தை உங்களுடையதாக மாற்றி, புதுக் கடவுச்சொல் வையுங்கள். கடைக் கணினியில் திறந்தால் எழும்பும் முன் சைன் அவுட் செய்யுங்கள்.