குமரி முதல் லடாக் வரை: இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியா வடக்கு தெற்காக 3,214 கிலோமீட்டரும் கிழக்கு மேற்காக 2,933 கிலோமீட்டரும் பரந்து கிடக்கும் நாடு என்பதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிடுகிறோம். அந்த எண்களின் உண்மையான அளவு, கன்னியாகுமரிக்கும் அசாமின் திப்ரூகருக்கும் இடையே ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸில் ஏறி, நான்காம் நாள் காலையிலும் அதே பெட்டியில் கண்விழிக்கும்போதுதான் புரியும். நாட்டைச் சுற்றிப் பார்க்கத் திட்டமிடுவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, வரைபடத்தை மட்டும் முன்னால் விரித்து வைத்துக்கொண்டு, நாள்காட்டியையும் ரயில் அட்டவணையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதால் நேர்பவை.

முதலில் வருவது ஊர்களின் எண்ணிக்கை. 15 நாள் விடுப்பு கிடைத்ததும் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், அமிர்தசரஸ், லே, வாரணாசி, டார்ஜிலிங், கவுகாத்தி என அத்தனையையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிடுகிறவர்கள் ஏராளம். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மாறுவதென்றால், அறையைக் காலி செய்வது, நிலையத்துக்குப் போய்க் காத்திருப்பது, ரயிலில் செலவாகும் நேரம், இறங்கிய ஊரில் அறைக்குப் போய்ச் சேர்வது என எப்படிப் பார்த்தாலும் அரை நாளாவது கழிந்துவிடும். எட்டு ஊர் என்றால் நான்கு நாட்கள் அதிலேயே போய்விடும். தொலைவு அதிகமான இடங்களுக்கு அதுவும் போதாது. இப்படி நுனிப்புல் மேய்வதைவிட, ஒரு கோட்டைத் தேர்ந்துகொண்டு அதன் வழியே போவது பன்மடங்கு மேல் என்பது என் உறுதியான கருத்து. அரித்துவாரில் தொடங்கி பிரயாக்ராஜ், வாரணாசி, பாட்னா வழியாகக் கொல்கத்தா வரை கங்கையைத் தொடர்ந்து போகலாம். மங்களூரிலிருந்து மும்பை நோக்கி, 1998-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட கொங்கண் ரயில் பாதையில், கோவாவிலும் ரத்தினகிரியிலும் இறங்கி ஏறிப் போகலாம். ஒரே பயணத்தில் நாட்டின் நான்கு மூலைகளையும் தொட வேண்டும் என்ற ஆசையைக் கைவிட்டால்தான், தொட்ட மூலையையாவது கண்ணாரப் பார்க்க முடியும்.

அடுத்தது பருவம். ‘இந்தியாவுக்கு ஏற்ற மாதம் எது’ என்று கேட்பதே பிழையான கேள்வி. நாடு முழுவதற்கும் பொருந்தும் மாதம் என ஒன்று கிடையாது. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 அளவில் கேரளத்தில் தொடங்கி, ஜூலை இரண்டாம் வாரத்துக்குள் நாடு முழுவதும் பரவி, செப்டம்பர் நடுப்பகுதிக்குப் பின் மேற்கு ராஜஸ்தானிலிருந்து விலகத் தொடங்குகிறது. அது விலகி வடக்கே வானம் தெளியும் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வட இந்தியச் சமவெளியை அடர்ந்த மூடுபனி சூழ்ந்துகொள்ள, ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகின்றன. சில ரயில்களை அந்த மாதங்களுக்கு முன்கூட்டியே ரத்து செய்துவிடுவதும் உண்டு. பிள்ளைகளின் கோடை விடுமுறையை நம்பி மே மாதத்தில் ராஜஸ்தானுக்குப் போகிறவர்கள், 2016 மே மாதத்தில் 51 டிகிரி செல்சியஸ் பதிவான பலோதி அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதே மே மாதம் இமாச்சல மலைகளுக்கும் சிக்கிமுக்கும் நல்ல காலம்.

பருவம் தவறினால் வெயிலும் மழையும் தரும் இடைஞ்சலோடு முடிந்துவிடாது. பல இடங்களின் கதவே மூடியிருக்கும். ரன்தம்பூர், கன்ஹா, பாந்தவ்கர் ஆகிய புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகள் ஜூலை முதல் செப்டம்பர் வரை மூடப்படுகின்றன. பிரம்மபுத்திராவின் வெள்ளம் ஏறும் காசிரங்காவும் மழைக்காலத்தில் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. கேதார்நாத், பத்ரிநாத் ஆலயங்கள் குளிர்காலம் முழுவதும் நடை சாத்தியிருக்கும். கட்ச் வளைகுடாவுக்கு வடக்கே உள்ள வெண்ணிற உப்புப் பாலை, மழைக்காலத்தில் நீருக்கடியில் கிடந்து, நவம்பருக்குப் பிறகே நடக்கத்தக்கதாக உலர்கிறது. ஆகவே, பார்த்தே தீர வேண்டிய ஓர் இடத்தை முதலில் முடிவு செய்து, அதற்குரிய மாதத்தைக் குறித்துக்கொண்டு, அந்த மாதத்தில் வேறு எங்கெல்லாம் போகலாம் என்று பார்ப்பதே சரியான வரிசை. கொங்கண் பாதையில் போவதாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மழைக்காலத்தில் அங்கே ரயில்களின் வேகம் குறைக்கப்பட்டு, தனி அட்டவணை நடைமுறைக்கு வரும். ஏப்ரலில் பார்த்து எழுதி வைத்த நேரம் ஜூலையில் செல்லாது.

இனி பயணச்சீட்டு. இதில் நேரும் பிழைகள் சிறியவை; இழப்போ பெரியது. ரயில்களுக்கான முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. இந்த 60 நாள் கணக்கு, ரயில் தன் தொடக்க நிலையத்திலிருந்து புறப்படும் நாளை வைத்துத்தான் எண்ணப்படுகிறது, நாம் ஏறும் நாளை வைத்து அல்ல. நெடுந்தொலைவு ரயில்களில் நடுவழி நிலையத்தில் ஏறுகிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். தட்கல் முன்பதிவிலும் இதே நடைமுறைதான். வியாழக்கிழமை புறப்படும் ரயிலில் மூன்றாம் நாளான சனிக்கிழமை வழியில் ஏறப்போகிறவர், வெள்ளிக்கிழமை காலையில் தட்கலுக்கு முயன்றால் பயனில்லை. அது புதன்கிழமையே, குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் திறந்திருக்கும்.

நள்ளிரவு ரயில்களின் தேதியில் தடுமாறாதவர் குறைவு. 15-ஆம் தேதி 00:20 மணி என்று சீட்டில் அச்சிட்டிருந்தால், 14-ஆம் தேதி இரவு உணவு முடித்துக்கொண்டு நிலையத்துக்குப் போக வேண்டும் என்று பொருள். 15-ஆம் தேதி இரவு போய் நிற்கும்போது ரயில் போய் ஏறத்தாழ ஒரு நாள் ஆகியிருக்கும். அந்தச் சீட்டைத் தொடர்ந்து பதிவு செய்த மற்ற ரயில்களும் அறைகளும் வரிசையாகக் கைநழுவிப் போகும்.

பெருநகரங்களில் நிலையத்தின் பெயரை முழுமையாகப் படிக்காததும் இதற்கு இணையான பிழை. டெல்லிக்கு புதுடெல்லி, பழைய டெல்லி, ஹஸ்ரத் நிஜாமுதீன், ஆனந்த் விஹார் என்று பல முனையங்கள் இருக்கின்றன. தெற்கிலிருந்து போகும் ரயில் நிஜாமுதீனில் நின்றுவிட, அடுத்த ரயில் நகரின் கிழக்குக் கோடியில் உள்ள ஆனந்த் விஹாரிலிருந்து ஒரு மணி நேரத்தில் புறப்படும் என்றால், மாலை நேர நெரிசலில் அதைப் பிடிப்பது இயலாத காரியம். கொல்கத்தாவில் ஹவுரா நிலையம் ஹூக்ளி ஆற்றுக்கு ஒரு புறம், சியால்தா மறுபுறம். மும்பையில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம், லோக்மான்ய திலக் முனையம், பாந்த்ரா முனையம், மும்பை சென்ட்ரல் ஆகியவை நகரின் வெவ்வேறு பகுதிகளில் உள்ளன. இணைப்பு ரயிலுக்குக் குறைந்தது ஐந்தாறு மணி நேர இடைவெளி விடுவது நல்லது. மூடுபனிக் காலத்தில் ஓர் இரவு தங்கிச் செல்வதே பாதுகாப்பு. இரண்டு சீட்டுகளின் பி.என்.ஆர். எண்களை இணைத்துப் பதிவு செய்யும் வசதி 2019 ஏப்ரல் முதல் இருக்கிறது. முதல் ரயில் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், விதிகளுக்கு உட்பட்டு, பயணம் செய்யாத பகுதிக்கான கட்டணம் பிடித்தமின்றித் திரும்பக் கிடைக்கும். இதைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே.

இணையத்தில் எடுத்த சீட்டு முழுவதும் காத்திருப்போர் பட்டியலிலேயே இருந்தால், இருக்கைப் பட்டியல் தயாரானதும் அது தானாகவே ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ரயிலில் ஏற முடியாது. ஆர்.ஏ.சி. என்றால் ஏறலாம், ஆனால் ஒரே படுக்கையை இருவர் பகிர்ந்து உட்கார்ந்து போகவும் நேரலாம். புறப்பட்ட நிலையத்துக்கே திரும்பி வரும்படி நீண்ட சுற்றாகத் திட்டமிடுவோருக்கு, ‘சர்க்குலர் ஜர்னி டிக்கெட்’ என்று ரயில்வேயினர் சொல்லும் சுற்றுப்பயணச் சீட்டும் உண்டு. தனித்தனிச் சீட்டுகளைவிட அது மலிவாக அமையும். அதிகபட்சம் எட்டு இடங்களில் இறங்கித் தங்கலாம். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் இடத்தைத் தனியாக முன்பதிவு செய்தாக வேண்டும் என்பதை மறந்து, சீட்டு கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் கிளம்பிவிடக் கூடாது.

ஊர் போய்ச் சேர்ந்தபின் ஏமாற்றுவது வார விடுமுறை. தாஜ்மஹால் வெள்ளிக்கிழமைகளில் பார்வையாளருக்குத் திறப்பதில்லை. டெல்லி செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை. அஜந்தா குகைகளுக்குத் திங்கள், எல்லோராவுக்குச் செவ்வாய். இந்த இரண்டையும் பார்க்க ஞாயிறு இரவு சத்ரபதி சம்பாஜிநகர் (முன்பு ஔரங்காபாத்) வந்து சேர்கிறவர், திங்கள் எல்லோராவும் செவ்வாய் அஜந்தாவும் என்று வைத்துக்கொண்டால் இரண்டையும் நிறைவாகப் பார்த்துவிடலாம். வரிசையை மாற்றி வைத்துக்கொண்டால் இரண்டு நாளும் பூட்டிய வாசலைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

நாடு முழுவதும் ஒரே கடிகார நேரம் என்பதால் பகலும் எங்கும் ஒரே நேரத்தில் முடியும் என்று நினைப்பதும் கூடாது. டிசம்பரில் கவுகாத்தியில் மாலை நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. துவாரகையில் அது மறைய ஆறு மணிக்கு மேலாகும். வடகிழக்கில் காலை ஒன்பது மணிக்கு மேல் அறையை விட்டுக் கிளம்புகிறவர் பகலின் நல்ல பகுதியை இழந்துவிடுகிறார். அங்கே ஆறு மணிக்கே புறப்பட்டுவிட வேண்டும்.

வடகிழக்குக்குப் போவோர் அனுமதிச் சீட்டை மறக்கக் கூடாது. அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் ஆகிய நான்கு மாநிலங்களுக்கும், இந்தியக் குடிமக்களே ஆனாலும், வெளி மாநிலத்தவர் ஐ.எல்.பி. எனும் உள்நுழைவு அனுமதி பெற வேண்டும். அசாம், மேகாலயா, திரிபுராவுக்கு அது தேவையில்லை. சிக்கிமில் கேங்டாக்கிலிருந்து நாதுலா கணவாய்க்குப் போகத் தனி அனுமதி வேண்டும். திங்களும் செவ்வாயும் அங்கே போக இயலாது. ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும், மற்ற மாநிலங்களில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இணைப்புதான் உதவும். அறை முகவரிகளையும் சீட்டுகளையும் கைப்பேசியில் மட்டும் வைத்திருப்பவருக்கு இது பெரிய சிக்கல். ஒரு தாளில் எழுதியோ அச்சிட்டோ வைத்துக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை.

கடைசியாக, உடலை வருத்தும் தவறு ஒன்று. லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டெல்லியில் காலையில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடலாம். ஆனால் குறைந்த ஆக்சிஜனுக்கு உடல் பழக நாட்கள் ஆகும். முதல் இரண்டு நாட்கள் எங்கும் அலையாமல் ஓய்வெடுப்பதை வீண்செலவு என்று கருதி, மறுநாளே 5,300 மீட்டருக்கும் மேலான கார்துங் லா கணவாய்க்குக் கிளம்புவோர் பலர். நல்ல உடல்வலிமை உள்ள இளைஞர்களையும் மலைநோய் விட்டுவைப்பதில்லை. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள்; இவை தோன்றினால் மேலும் உயரே போகாமல் அங்கேயே தங்க வேண்டும். மலைநோயைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரையைப் பற்றி, ஒவ்வாமை உள்ளவர்கள் குறிப்பாக, ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, அது உயிருக்கே ஆபத்தான நிலை. பாங்காங் ஏரிக்கு வண்டிக்கும் கூடாரத்துக்கும் பணம் கட்டியாயிற்று என்று யோசிக்காமல், விடியும்வரை காத்திருக்காமல், உடனே உயரம் குறைந்த இடத்துக்கு இறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.