மவுஸைச் செருகியதும் கெர்னல் என்ன செய்கிறது? கூடவே இருந்து பார்ப்போம்

லினக்ஸ் பழக ஆரம்பிப்பவர்கள் பலரும் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்: வைஃபை வரவில்லை, டச்பேட் நகரவில்லை. இணையத்தில் தேடி, யாரோ எழுதிய கட்டளையை அப்படியே ஒட்டிப் பார்க்கிறார்கள். சில நேரம் சரியாகிவிடும், சில நேரம் நன்றாக இருந்ததும் கெட்டுப்போகும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒரு கருவியை எப்படிக் கண்டுபிடிக்கிறது, எப்படி வேலைக்குத் தயார் செய்கிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், சங்கிலி எங்கே அறுந்தது என்பதை நாமே கண்டுபிடிக்கலாம்.

தேவையானவை: லினக்ஸ் உள்ள ஒரு கணினி, வயர் உள்ள ஒரு யூஎஸ்பி மவுஸ். கட்டளைகளை எழுத்து எழுத்தாகச் சொல்கிறேன். எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்துகள்.

படி 1: மவுஸைப் பிடுங்கிவிட்டு மறுபடி செருகுங்கள்

முதலில் மவுஸைக் கழற்றுங்கள். டெர்மினலைத் திறந்து, எஸ், யூ, டி, ஓ (சூடோ) என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துகள், மறுபடி இடைவெளி, ஒரு சிறு கோடு, ஒட்டியபடி டபிள்யூ. எண்டர் அடித்தால் கெர்னல் எழுதும் குறிப்புகள் திரையில் ஓடி, ஓரிடத்தில் நிற்கும். இப்போது மவுஸைச் செருகுங்கள்.

ஐந்தாறு வரிகள் புதிதாக வரும். குறைந்த வேகக் கருவி (சில மவுஸ்களில் முழு வேகம்) ஒன்று வந்திருக்கிறது, அதற்கு இன்ன எண் என்று முதல் வரி சொல்லும். அடுத்த வரியில் நிறுவன எண்ணும் பொருள் எண்ணும் இருக்கும். லாஜிடெக் மவுஸ் என்றால் நிறுவன எண் 046டி. கழற்றி மறுபடி செருகினால் முதல் வரியிலுள்ள எண் கூடியிருக்கும். அதே மவுஸ்தானே என்று கெர்னல் பழைய எண்ணைத் தூக்கிக் கொடுப்பதில்லை, புதிதாக வந்த ஒன்றாகவே எடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கிறது.

அந்த ஒரு நொடிக்குள் என்ன நடந்தது? மவுஸுக்குள் 1.5 கிலோ ஓம் மதிப்புள்ள ஒரு மின்தடை இருக்கிறது. யூஎஸ்பி வயரில் தரவுக்காக உள்ள இரண்டு கம்பிகளில் ஒன்றை அது மேல் மின்னழுத்தத்துக்கு இழுத்துப் பிடிக்கும். கம்பி மேலே போனதைப் போர்ட் கவனித்தால், யாரோ வந்திருக்கிறார்கள் என்று பொருள். எந்தக் கம்பி மேலே போனது என்பதிலிருந்தே, குறைந்த வேகமா முழு வேகமா என்பதும் தெரிந்துவிடும். இன்னும் ஒரு பிட் தரவுகூடப் போகவில்லை, பாருங்கள். ஒரு சின்ன மின்தடைதான் முதல் வணக்கம் சொல்கிறது.

கெர்னல் உடனே பாய்வதில்லை. செருகும்போது முனைகள் தொட்டுத் தொட்டு விலகும் என்பதால், இணைப்பு 100 மில்லிநொடி ஆடாமல் நிற்கும்வரை காத்திருக்கிறது. அப்புறம் மவுஸை ரீசெட் செய்கிறது. ரீசெட் ஆன எந்தக் கருவியும் 0 என்ற முகவரியில்தான் பதில் சொல்லும். அதற்கு 1 முதல் 127 வரைக்குள் சொந்த முகவரி ஒன்று கிடைக்கிறது. அடுத்து, நீ யார் என்ற கேள்வி. அதற்குப் பதிலாக மவுஸ் 18 பைட் கொண்ட ஒரு விவரக்குறிப்பைத் தருகிறது. திரையில் பார்த்த நிறுவன எண்ணும் பொருள் எண்ணும் அதிலிருந்து வந்தவைதான். கூடவே எவ்வளவு மின்சாரம் வேண்டும், என்ன வகைக் கருவி என்பதையும் மவுஸே சொல்கிறது. விசைப்பலகை, மவுஸ் வகைக்கு எண் 3, பென்டிரைவ் வகைக்கு 8. வகை எண்ணைப் பார்த்தே பொது டிரைவரை, அதாவது கருவியை இயக்கும் நிரலை, பொருத்த முடிவதால்தான், கடையில் எந்த மவுஸ் வாங்கினாலும் சிடி எதுவும் போடாமல் ஓடுகிறது.

படி 2: உள்ளே இருப்பவற்றைப் பாருங்கள்

மவுஸ் வெளியிலிருந்து வந்தது. மதர்போர்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் வைஃபை கார்டு, கிராபிக்ஸ் சிப் எல்லாம்? அவை பெரும்பாலும் பிசிஐ என்ற, கணினிக்குள் கருவிகளை இணைக்கும் வழியில் இருப்பவை. இன்னொரு டெர்மினலைத் திறந்து, எல், எஸ், பி, சி, ஐ என்று தட்டி, இடைவெளி விட்டு ஒரு கோடு, ஒட்டியபடி என், என், கே. ஒவ்வொரு கருவியும் ஒரு வரியாக வரும். வரியின் தொடக்கத்தில் இருப்பது அதன் கதவு எண்.

இங்கே கெர்னல் செய்வது வீடுவீடாகப் போய்க் கதவு தட்டும் வேலை. ஒரு பிசிஐ தொகுதியில் 256 பஸ் (கருவிகள் இணையும் பாதை) வரை இருக்கலாம், ஒரு பஸ்ஸில் 32 கருவிகள், ஒரு கருவியில் 8 செயல்பாடுகள். ஒவ்வொரு கதவிலும் முதல் 16 பிட்டை வாசித்துப் பார்க்கிறது. ஆள் இல்லாத கதவிலிருந்து எல்லாம் 1 ஆகவே திரும்பி வரும். ஆள் இருந்தால் நிறுவன எண் வரும். இன்டெல்லின் எண் 8086. 1978-இல் வந்த அவர்களுடைய புகழ்பெற்ற செயலியின் பெயரும் அதுவே.

இதற்கடுத்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு கருவிக்கும் நினைவக முகவரியில் ஓர் இடம் வேண்டும். எவ்வளவு இடம் என்று எழுதிவைக்க அதனிடம் தனியாக ஒரு கட்டம் இல்லை. முகவரியை எழுதும் ரெஜிஸ்டர் என்ற சிறு சேமிப்பிடம் மட்டுமே உண்டு. கெர்னல் அந்த ரெஜிஸ்டரில் 32 பிட்டையும் 1 ஆக எழுதிவிட்டு, உடனே திரும்ப வாசிக்கிறது. கருவிக்கு 4096 பைட் இடம் வேண்டுமென்றால், கடைசி 12 பிட்டுகளை 1 ஆக மாற்றவே முடியாதபடி சிப்பைச் செய்திருப்பார்கள். அவற்றில் கடைசி நான்கு பிட்டுகள் வேறு தகவலுக்கானவை, அவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 12 இடமும் 0. இரண்டின் 12-ஆம் அடுக்கு 4096. சரி, இவ்வளவு இடம் போதும் என்று கெர்னல் புரிந்துகொள்கிறது. எழுத முடியாத பிட்டுகளே அளவைச் சொல்லிவிடுகின்றன! கணினியை முதலில் எழுப்பும் பயாஸ் என்ற நிரல் பெரும்பாலும் முன்கூட்டியே முகவரிகளைப் பிரித்துக் கொடுத்திருக்கும். கெர்னல் அதைச் சரிபார்த்து, மோதல் இருந்தால் மாற்றி வைக்கும்.

பிசிஐக்கு முந்தைய ஐஎஸ்ஏ என்ற வழியில் செருகிய கார்டுகளிடம் இப்படிக் கேட்க வழியே இல்லை. சவுண்டு கார்டில் சிறு ஜம்பர்களை மாற்றிப் போட்டு முகவரியையும் இன்டரப்ட் (கருவி செயலியைக் கூப்பிடும் சமிக்ஞை) எண்ணையும் நாமே முடிவு செய்ய வேண்டியிருந்தது. இரண்டு கார்டுகள் ஒரே எண்ணில் உட்கார்ந்துவிட்டால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும்.

படி 3: எண்ணுக்கேற்ற டிரைவர்

அதே பட்டியலில் ஒவ்வொரு கருவிக்கும் கீழே, எந்த டிரைவர் இப்போது வேலை செய்கிறது என்ற வரி இருக்கும். இந்தப் பொருத்தம் எப்படி நடக்கிறது? ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தெரிந்த கருவிகளின் எண்களைப் பட்டியலாக வைத்திருக்கிறது. எல்லா டிரைவர்களின் பட்டியலையும் ஒன்றாகத் தொகுத்த கோப்பு ஒன்று உங்கள் கணினியிலேயே இருக்கிறது. புதுக் கருவி வந்ததும் கெர்னல் அறிவிப்பு விடும். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் யூடெவ் என்ற நிரல், தொகுத்த பட்டியலின்படி உரிய டிரைவரை ஏற்றச் செய்யும்.

டிரைவர் ஏறியதும் அதன் புரோப் என்ற பகுதியைக் கெர்னல் அழைக்கிறது. கருவியை விழிக்கவைப்பது, ஒதுக்கிய நினைவக இடத்தைப் பிடிப்பது, இன்டரப்ட் கேட்டு வாங்குவது, தேவைப்பட்டால் ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே ஓடும் நிரல்) கோப்பைக் கருவிக்குள் ஏற்றுவது எல்லாம் இங்கேதான். புரோப் வெற்றி என்று சொன்னால்தான் கருவி டிரைவரின் கைக்கு வந்ததாகக் கணக்கு.

வாயில்லாத கருவிகள்

சில கருவிகளால் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளவே முடியாது. மடிக்கணினியின் டச்பேட் பலவற்றில் ஐ2சி என்ற இரண்டு கம்பி வழியில் இருக்கிறது. நீ யார் என்று எல்லோரிடமும் பொதுவாகக் கேட்க அந்த வழியில் ஏற்பாடு இல்லை. அதனால் வேறொருவர் எழுதிக் கொடுத்த பட்டியலைக் கெர்னல் நம்புகிறது. சாதாரண மடிக்கணினிகளில் அது பயாஸ் தரும் ஏசிபிஐ அட்டவணை. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-இல் வெளியிட்ட முறை இது. ஐ2சி டச்பேட் அதில் பெரும்பாலும் பிஎன்பி0சி50 என்ற அடையாளத்தோடு இருக்கும். ராஸ்பெரி பை போன்ற பலகைகளில் டிவைஸ் ட்ரீ என்ற கோப்பு அதே வேலையைச் செய்கிறது. பட்டியலில் பிழை இருந்தால், கருவி நன்றாக இருந்தும் கெர்னலுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. டச்பேட் சிக்கல்கள் சில பயாஸை அப்டேட் செய்ததும் சரியாவதற்கு இதுவே காரணம்.

படி 4: வேலை செய்யாத கருவியைத் தேடுவது

வரிசை மாறாமல் பாருங்கள். கருவி பட்டியலில் வருகிறதா? வரவில்லை என்றால் வயர், போர்ட், பயாஸ் அமைப்பு என்று தேடுங்கள், டிரைவரைத் தொடவே வேண்டாம். வருகிறது, ஆனால் டிரைவர் வரி இல்லையா? அந்த எண்ணை எடுத்து, எந்தக் கெர்னல் பதிப்பிலிருந்து அதற்கு ஆதரவு இருக்கிறது என்று தேடுங்கள். டிரைவரும் இருக்கிறதா? அப்படியானால் படி 1-இல் பார்த்த குறிப்புகளில் அந்த டிரைவரின் பெயர் வரும் வரிகளைப் படியுங்கள்.

என் பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டபோது வைஃபை வரவில்லை. கார்டு பட்டியலில் இருந்தது, டிரைவர் வரியும் இருந்தது. குறிப்புகளைப் பார்த்தால், ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை, பிழை எண் -2 என்று ஒரு வரி. -2 என்றால் அப்படிப்பட்ட கோப்பே இல்லை என்று பொருள். கோப்பை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கோ வைஃபை வேண்டும். கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, டெதரிங்கைப் போட்டேன். மவுஸுக்கு வந்த அதே வகை வரிகள் திரையில் வரிசையாக வந்தன, கடைசி வரியில் புது நெட்வொர்க் கருவி ஒன்று. அதன் வழியாக ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவி, கணினியை அணைத்துப் போட்டதும் பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள் உட்பட எல்லாம் பட்டியலில் வந்து நின்றன.