நம்ப முடியாத ஒன்றைச் சோதிப்பது எப்படி?

கவைக்குச்சியைக் கையில் பிடித்து, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று சொல்வேன் என்கிறார் ஒருவர். உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். "எல்லாம் ஃபிராடு" என்று ஒன்று, "அறிவியலுக்கு எல்லாமே தெரிந்துவிட்டதா?" என்று இன்னொன்று. இரண்டுமே சோம்பேறித்தனம், ஏனென்றால் இதைச் சோதிக்கப் பெரிய ஆய்வுக்கூடம்கூட வேண்டாம்.

முதலில் "எப்படி நடக்கிறது?" என்ற கேள்வியை ஓரமாக வையுங்கள். காந்தப்புலமா, குவாண்டமா என்று ஆளாளுக்கு விளக்கம் சொல்வார்கள், ஆனால் நடக்கவே இல்லாத ஒன்றுக்கு விளக்கம் எதற்கு? நடக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்து, அவர் சொல்வதை எண்ணிப் பார்க்கிற மாதிரி மாற்ற வேண்டும். ஒரு மூடிய வாளி, அதில் தண்ணீர் உண்டா இல்லையா என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள், அவர் பதில் சொல்லட்டும், இப்படி 20 முறை. எத்தனை சரியாக வந்தால் வெற்றி என்பதை முன்கூட்டியே எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். 10க்கு 8 பிரமாதமாகத் தெரியும், ஆனால் குத்துமதிப்பாகச் சொன்னாலே ஏறக்குறைய 18 பேரில் ஒருவருக்கு எட்டோ அதற்கு மேலோ வந்துவிடும். 20க்கு 16 அல்லது அதற்கு மேல் என்றால் சுமார் 170 பேரில் ஒருவருக்குத்தான். அப்புறம் மறக்காமல் செய்ய வேண்டியது: வாளியைத் திறந்துவைத்து ஒரு வெள்ளோட்டம். "இன்று குச்சி நன்றாக வேலை செய்கிறது" என்று அவர் வாயாலேயே சொல்லவையுங்கள், இல்லாவிட்டால் தோற்றபிறகு வானிலை சரியில்லை என்பார்.

இனி வருவதுதான் முக்கியம். விடை தெரிந்தவர் யாரும் அந்த அறையில் இருக்கக் கூடாது, நீங்களும்தான். பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குப் போட்டு, விடையைக் காலால் தட்டிச் சொல்லும். 1907இல் உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அதை ஆராய்ந்தபோது, கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை! சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் துளி அசையும், ஹான்ஸ் தட்டுவதை நிறுத்திவிடும். அதன் உரிமையாளர் யாரையும் ஏமாற்றவில்லை, அவரே முழுசாக நம்பியவர்.

படித்தவர்கள் தப்பிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். பிரெஞ்சு இயற்பியலாளர் பிளாண்ட்லோ 1903இல் 'என்-கதிர்' என்று ஒன்றைக் கண்டதாக அறிவித்தார், இருட்டறையில் மங்கலான ஒளி கொஞ்சம் கூடுகிறதா என்று கண்ணால் பார்ப்பதுதான் அளவீடு. அடுத்த வருடம் பார்க்க வந்த அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் அந்த இருட்டில், கதிர்களைப் பிரிக்கும் முக்கிய பாகமான முப்பட்டகத்தைக் கருவியிலிருந்து நைசாக எடுத்துவிட்டார், அளவீடுகளோ எதுவுமே நடக்காதது போல வந்துகொண்டிருந்தன. ஆக, உங்கள் சோதனையிலும் முக்கியமான பாகத்தை யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். முடிவு மாறவில்லையா? கடையைக் கட்டிவிடலாம்.

கருவி பதிவு செய்தது என்றால் கடிகாரத்தையும் நாள்காட்டியையும் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் 'பெரிடான்' என்ற மர்ம சிக்னல்கள் பல வருடங்களாக வந்தன, அதுவும் பெரும்பாலும் அலுவலக நேரத்தில். வானத்துக்கு ஏது அலுவலக நேரம்? 2015இல் குட்டு வெளிப்பட்டது: மைக்ரோவேவ் அடுப்பு ஓடி முடிவதற்குள் யாரோ கதவைத் திறந்ததுதான். ஆனால் இதில் ஒரு திருப்பம் உண்டு. அதே தொலைநோக்கியின் பழைய பதிவுகளிலிருந்து 2007இல் அறிவிக்கப்பட்ட, ஏறக்குறைய அதே சாயலுள்ள வேக ரேடியோ வெடிப்பையும் (கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து போகும் ரேடியோ துடிப்பு) பெரிடானைக் காட்டிச் சந்தேகித்தார்கள், அது நிஜமாகவே விண்வெளியிலிருந்து வந்ததாக இருந்தது. அதனால் ஒன்று அடுப்பு என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் அதே கூடையில் போட்டுவிடாதீர்கள்.

கூப்பிட்டால் வராத விஷயங்களும் இருக்கின்றன. பந்து மின்னல், அதாவது இடிமழை நேரத்தில் அபூர்வமாகத் தெரியும் ஒளிப்பந்து, அப்படித்தான், அதற்குக் கருவியை வைத்துவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. சாதாரண மின்னலைப் படமெடுக்கப் போன சீன ஆய்வாளர்களின் கருவியில் 2012இல் அது தற்செயலாகச் சிக்கியது, அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்த நிறமாலையில் தெரிந்தவை சிலிக்கான், இரும்பு, கால்சியம், அதாவது மண்ணில் இருப்பவை.

எல்லாம் தாண்டி முடிவு நின்றால்? தோற்ற சுற்றுகளையும் சேர்த்து மொத்தப் பதிவையும், உங்கள்மேல் கொஞ்சமும் இரக்கமில்லாத ஒருவரிடம் கொடுங்கள். 2011இல் நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வந்ததாகக் கண்ட, இத்தாலியச் சுரங்க ஆய்வுக்கூடம் ஒன்றில் இருந்த ஒபெரா ஆய்வுக் குழு, "எங்கே தப்பு என்று பாருங்கள்" என்றுதான் வெளியிட்டது. சில மாதங்களில் சரியாகச் செருகப்படாத ஒரு ஒளியிழைக் கேபிளை அவர்களே கண்டுபிடித்தார்கள், அதே சுரங்க ஆய்வுக்கூடத்தில் இருந்த இகாரஸ் குழு அளந்தபோதும் நியூட்ரினோக்கள் ஒளியை முந்தவில்லை.