இங்கிலாந்தில் உறவினரின் பிள்ளையைப் பொறுப்பேற்பவர்களுக்கு

தாய் மருத்துவமனையில் படுத்தாலோ, தந்தைக்கு விசாச் சிக்கல் வந்தாலோ, பிள்ளையைச் சித்தி வீட்டிலோ நண்பர் வீட்டிலோ விடுவது நம்மிடையே இயல்பாக நடப்பது. இங்கிலாந்துச் சட்டம் இதைத் தடுக்கவில்லை. ஆனால் பிள்ளையை ஏற்பவர் யார், ஒப்படைத்தவர் யார் என்பதைப் பொறுத்து உங்கள் கடமைகளும் உரிமைகளும் மாறுகின்றன.

தாத்தா, பாட்டி, உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர், அவர்களின் துணைவர், மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை ஆகியோரையே 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் உறவினராகக் கொள்கிறது. அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியும், பாட்டியின் தங்கையும், எத்தனை ஆண்டு பழகிய ஊர்க்காரரும் அதில் அடங்கமாட்டார்கள். இத்தகையவர்கள், பெற்றோரே ஒப்படைத்தாலும், 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை 28 நாட்களோ அதற்கு மேலோ வைத்திருப்பதாயின், ஆறு வாரங்களுக்கு முன்பே உள்ளூர் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். அவசர நிலையில் உடனடியாக அறிவிக்க வேண்டும். இதைத் தொல்லையாக எண்ண வேண்டாம். ஐவரி கோஸ்டில் பிறந்து, பாட்டி முறையான உறவினருடன் லண்டனுக்கு வந்த விக்டோரியா கிளிம்பி என்ற எட்டு வயதுச் சிறுமி, அவருடைய பொறுப்பில் இருந்தபோதே கொடுமைக்குள்ளாகி 2000ஆம் ஆண்டில் உயிரிழந்தாள். கவுன்சில் அதிகாரி வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் தனியாகப் பேச விரும்புவது இத்தகைய அனுபவங்களால்தான்.

கவுன்சிலே பிள்ளையை உங்களிடம் ஒப்படைப்பது வேறு வகை. பெரும்பாலும் அது அவசரத்தில் நடக்கும்: மாலையில் சமூகப் பணியாளர் தொலைபேசியில் அழைத்து, "இன்றிரவு பிள்ளையை வைத்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்பார். பாசத்தால் உடனே சம்மதிப்பீர்கள், சம்மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அதே அழைப்பில், இது கவுன்சிலின் ஏற்பாடா, குடும்பத்தின் தனிப்பட்ட ஏற்பாடா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ளுங்கள். கவுன்சிலின் ஏற்பாடாயின் நீங்கள் தற்காலிக வளர்ப்புப் பராமரிப்பாளராக, அதாவது கவுன்சிலின் சார்பில் பிள்ளையை வளர்ப்பவராக (foster carer), 16 வாரங்கள் வரை அங்கீகரிக்கப்படலாம். வாராந்த உதவித்தொகையும் உண்டு. உறவினர் என்ற காரணத்துக்காக மட்டும் பிற பராமரிப்பாளர்களைவிடக் குறைத்துக் கொடுப்பது சட்டவிரோதம் என 2001இலேயே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. குடும்ப ஏற்பாடு என்று பதிவாகிவிட்டால் இந்தத் தொகையைப் பின்னர் கேட்டுப் பெறுவது மிகக் கடினம்.

அந்த வாரங்களில் முழு மதிப்பீடு நடக்கும். குற்றப் பதிவுச் சோதனை, குடும்ப மருத்துவரின் அறிக்கை, உங்களைப் பற்றிச் சொல்லக்கூடியவர்களின் கருத்து, பிள்ளைக்கான படுக்கையறை, உங்கள் திருமண வாழ்க்கை வரை விசாரிப்பார்கள். மறைக்காமல் பதிலளியுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்; பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

அங்கீகாரம் கிடைத்தாலும் பெற்றோருக்குரிய சட்டப் பொறுப்பு உங்களுக்கு வராது; கடவுச்சீட்டுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் நீங்களாக ஒப்புதல் தர இயலாது. பிள்ளை வளரும்வரை உங்களிடமே இருக்கப்போகிறதெனில், சிறப்புப் பாதுகாவலர் ஆணையை நீதிமன்றத்தில் கோரலாம். அதனால் பொறுப்பு உங்களுக்கு வரும். ஆனால் உதவித்தொகை மாறக்கூடும். எனவே கையெழுத்திடுமுன் ஃபேமிலி ரைட்ஸ் குரூப் என்ற தொண்டு நிறுவனத்தின் இலவச ஆலோசனைத் தொலைபேசியில் பேசிவிடுங்கள்.