மெடிகேர் அட்வான்டேஜ்: சட்டம் எல்லாத்தையும் வெளியே கொண்டுவந்துடுச்சு என்று நம்பினால்

அமெரிக்காவில் 65 வயதானவர்கள், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரை நேரடியாக அரசிடமிருந்தே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அரசு பணம் கொடுக்க, தனியார் கம்பெனி நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜில் சேரலாம். பாதிக்கும் மேற்பட்டவர்கள் இப்போது இரண்டாவதில்தான் இருக்கிறார்கள். இவ்வளவு அரசுப் பணம் போகிற இடத்தில் கணக்கெல்லாம் பார்வைக்கு இருக்கும் என்று நினைக்கிறோம் பாருங்கள், அதுதான் முதல் தவறு.

காப்பீட்டு நிறுவனங்கள், மருத்துவமனைகளோடு பேசி முடித்த விலைகளை வெளியிட வேண்டும் என்று 2020-ல் ஒரு விதி வந்தது, உண்மைதான். ஆனால் அது வேலை வழியாக வரும் காப்பீட்டுக்கும் தனிநபர் வாங்கும் காப்பீட்டுக்கும்தான். அட்வான்டேஜ் அதில் வராது. மருத்துவமனைகள் தங்கள் விலைப்பட்டியலைப் போட வேண்டும் என்ற விதி 2021 முதல் இருக்கிறது, சரி, ஆனால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பது உங்கள் திட்டத்தின் ஆவணத்தில்தான் இருக்கும்.

அடுத்தது, மசோதாவைச் சட்டம் என்று எடுத்துக்கொள்வது. ‘லோயர் காஸ்ட்ஸ், மோர் டிரான்ஸ்பரன்சி’ மசோதா 2023 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 320-71 என்று நிறைவேறியது, செனட் அதை நிறைவேற்றவில்லை. சிகிச்சைக்கு முன்பே காப்பீட்டுக் கம்பெனியிடம் வாங்க வேண்டிய ‘முன் அனுமதி’யை ஒழுங்குபடுத்தும் முதியோருக்கான மசோதாவுக்கும் 2022-ல் இதே கதிதான். வாட்ஸப்பில் “புதுச் சட்டம் வந்தாச்சு” என்று வந்தால், செனட்டும் நிறைவேற்றியதா, அதிபர் கையெழுத்துப் போட்டாரா என்று கேளுங்கள்.

அட்வான்டேஜ் கம்பெனிகள் வருமானத்தில் 85 சதவீதத்தையாவது சிகிச்சைக்கும் அதன் தரத்தை உயர்த்தவும் செலவிட வேண்டும் என்ற விதி இருக்கிறதே, அது போதாதா என்பார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. காப்பீட்டுக் கம்பெனிக்கே கிளினிக்கும் மருந்து வணிகமும் சொந்தமாக இருந்தால், உதாரணமாக யுனைடெட்ஹெல்த் குழுமத்துக்கு ஆப்டம் இருக்கிற மாதிரி, இடது கை வலது கைக்குக் கொடுக்கிற பணமும் சிகிச்சைச் செலவாகவே கணக்கில் ஏறும், அதில் லாபம் எவ்வளவு என்று வெளியே இருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

பிரீமியம் பூஜ்யம் என்ற விளம்பரத்தைப் பார்த்துச் சேருவதும் வழக்கமான தவறு. மெடிகேரில் மருத்துவர் கட்டணம் போன்றவற்றுக்கான பார்ட் பி பகுதியின் பிரீமியம் பெரும்பாலானவர்களுக்கு எப்படியும் உண்டு, 2026-ல் மாதம் 202.90 டாலர். அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது வருடத்துக்கு உங்கள் கையிலிருந்து போகும் செலவின் உச்சவரம்பு: திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவர்கள், மருத்துவமனைகள் அடங்கிய நெட்வொர்க்குக்குள் 2026-ல் அது 9,250 டாலர் வரை போகலாம், அதிலும் மருந்துக்கடைச் செலவு சேராது. செப்டம்பர் கடைசிக்குள் வரும் மாற்ற அறிவிப்புக் கடிதத்தில் அடுத்த வருடம் எது ஏறுகிறது என்று போட்டிருக்கும். அதைப் பிரிக்காமலே குப்பையில் போடுகிறவர்கள்தான் ஜனவரியில் அதிர்ச்சி அடைகிறார்கள்.

சிகிச்சைக்கு ‘அனுமதி இல்லை’ என்று கடிதம் வந்ததும் விட்டுவிடாதீர்கள். 2023-ல் மறுக்கப்பட்டவற்றில் சுமார் 12 சதவீதத்துக்குத்தான் மேல்முறையீடு போனது, போனதில் 80 சதவீதத்துக்கும் மேல் முழுவதுமாகவோ ஓரளவோ மாற்றப்பட்டது என்று மருத்துவக் கொள்கை ஆய்வு அமைப்பான கேஎஃப்எஃப்-இன் ஆய்வு சொல்கிறது. இந்த 2026 முதல் சாதாரண முன் அனுமதிக்கு 7 நாள், அவசரத்துக்கு 72 மணி நேரம் என்று கெடு. எத்தனை சதவீதம் மறுத்தார்கள் என்பதையும் நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் போட்டாக வேண்டும். உண்மையில் கைக்கு வந்திருக்கும் வெளிப்படைத்தன்மை இதுதான், அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டம் மாற்றும் காலத்தில் இதை வைத்து ஒப்பிடுங்கள்.

பிடிக்கவில்லையென்றால் பழைய மெடிகேருக்கே திரும்பிவிடலாம் என்று நினைத்துச் சேராதீர்கள். திரும்பலாம், ஆனால் பழைய மெடிகேர் பொதுவாக உங்களிடமே விடும் மீதி 20 சதவீதச் செலவைத் தாங்கும் மெடிகேப் என்ற தனியார் பாலிசிக்கு, முதல் முறை அட்வான்டேஜில் சேர்ந்து ஒரு வருடத்துக்குள் திரும்புகிறவர்களுக்கான சலுகை போன்ற சில விலக்குகள் தவிர, பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலையைப் பார்த்து மறுத்துவிடலாம். அப்புறம், பேரப்பிள்ளைகளோடு பாதி வருடம், சென்னையில் மீதி வருடம் என்று இருக்கும் பெற்றோர்: திட்டத்தின் எல்லையை விட்டுத் தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாக அட்வான்டேஜிலிருந்து நீக்கிவிடுவார்கள், டிக்கெட் போடும் முன் நாள் கணக்கைப் பாருங்கள்.