மலையகத்தில் சிற்றலை வானொலி கேட்கத் தொடங்குவது எப்படி?

அடைமழையில் மின்சாரமும் தொலைபேசிக் கோபுரங்களும் செயலிழந்துவிட்டால், நோர்வூட்டிலோ ஹப்புத்தளையிலோ உள்ள ஒரு லயன் வீட்டுக்கு வெளியுலகச் செய்தி வந்துசேர எஞ்சியிருக்கும் வழிகளில் சிற்றலை வானொலியும் ஒன்று. பண்பலை ஒலிபரப்பு மலைமுகடு குறுக்கிட்டாலே மங்கிவிடும். 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையான சிற்றலையோ வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடந்து வரும். ஆனால் உங்கள் தோட்டத்துக்கான மண்சரிவு எச்சரிக்கையைச் சிற்றலையில் எதிர்பார்க்க வேண்டாம். அதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவித்தலும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கமுமே உரியவை. சிவப்பு எச்சரிக்கை வந்தால் உடனே வெளியேறிவிடுங்கள்.

முதலில், கடையில் எளிதாகக் கிடைக்கும் பென் டோர்ச் பற்றரியில் இயங்குவதும் அலைவரிசையை எண்ணில் காட்டுவதுமான பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். எஸ்எஸ்பி (SSB) எனப்படும் ஒற்றைப் பக்கப்பட்டை ஒலிபரப்பைக் கேட்கும் வசதி இருந்தால் மிக நன்று. அதன் பயனைப் பின்னர் சொல்கிறேன்.

அடுத்தது ஏரியல். இதில்தான் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் லயன் வீட்டின் தகரக் கூரை அலைகளைப் பெருமளவு தடுத்துவிடும். பிளாஸ்டிக் உறையிட்ட மெல்லிய கம்பி ஏழெட்டு மீற்றர் எடுத்து, ஒரு முனையில் ஓர் அங்குலம் உறையைச் சீவி, பெட்டியின் ஏரியலில் இறுகச் சுற்றுங்கள். மறுமுனையை யன்னல் வழியே வெளியே கொண்டுசென்று, நைலோன் கயிற்றால் கொய்யா மரத்திலோ கம்பத்திலோ கட்டுங்கள். மின்கம்பிக்கு அருகே கொண்டுசெல்லவே கூடாது. ஐப்பசி மாதத்துப் பிற்பகல்களில் இடி முழங்கத் தொடங்கும் முன்பே கம்பியைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும்.

பகலில் 15, 17 மெகாஹேர்ட்ஸ் பகுதிகளையும், இருட்டிய பின் 6, 7, 9 மெகாஹேர்ட்ஸ் பகுதிகளையும் தேடுங்கள். நிகழ்ச்சி அட்டவணைகள் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதனுடன் ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால் நம் நேரம். மாலையில் 10,000 கிலோஹேர்ட்ஸில் நேரம் அறிவிக்கும் சீனாவின் பிபிஎம் நிலையத்தின் நொடித்துடிப்பு கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் உங்கள் கம்பி நன்றாக வேலை செய்கிறது. இரைச்சல் மிகுந்தால் எல்ஈடி விளக்கையும் தொலைபேசிச் சார்ஜரையும் அணைத்துப் பாருங்கள். மின்வெட்டு நேரத்தில் இந்த இரைச்சல் தானாகவே அடங்கிவிடும்.

இனி எஸ்எஸ்பி. 7.0 முதல் 7.2 மெகாஹேர்ட்ஸ் வரை பொழுதுபோக்காக வானொலியில் உரையாடும் அமெச்சூர் வானொலியாளர்கள் எஸ்எஸ்பி முறையில் பேசுவார்கள். அங்கே கீழ்ப் பக்கப்பட்டையை (LSB) தெரிவுசெய்து, குரல் தெளியும்வரை மெல்லத் திருப்புங்கள். 2004 ஆழிப்பேரலையில் தொடர்பறுந்த அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி அனுப்பியவர்கள் அத்தகையோரே. பேசுவதற்குத்தான் உரிமம் வேண்டும்.

தெளிவாகக் கேட்ட அலைவரிசைகளை நேரத்துடன் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பின்புறம் ஒட்டுங்கள். பயன்படுத்தாத நாட்களில் பற்றரிகளைக் கழற்றி, நீர் புகாத பையில் பெட்டியுடன் சேர்த்து வையுங்கள்.